டெஸ்பாசிட்டோ: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

2017-இல் இந்தப் பாட்டு காதில் விழாமல் தப்பித்தவர்கள் குறைவு. ஜிம்மில், கல்யாண மண்டபத்து டிஜே மேடையில், பக்கத்து வீட்டுப் பையனின் ரிங்டோனில் என்று எங்கே போனாலும் அதுதான். பல்லவியின் முதல் சொல்லை மட்டும் எல்லாரும் சத்தமாகப் பாடிவிட்டு, மீதியை வாய்க்குள் முணுமுணுத்துச் சமாளிப்போம். இன்றைக்கும் இந்தப் பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது, ‘அது ஜஸ்டின் பீபர் பாட்டுதானே?’ என்ற கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அப்படியானால் இது யாருடைய பாட்டு?

லூயிஸ் ஃபோன்சியின் பாட்டு. கூடப் பாடியவர் டாடி யாங்கி. இருவருமே புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்தவர்கள். எழுதியவர்கள் மூன்று பேர்: ஃபோன்சி, டாடி யாங்கி, பனாமா நாட்டுப் பாடலாசிரியர் எரிக்கா எண்டர். இசையைக் கட்டிக் கொடுத்தவர்கள் ஆந்த்ரேஸ் டோரஸ், மௌரிசியோ ரெங்கிஃபோ என்ற இரண்டு கொலம்பியர்கள். 2017 ஜனவரியில் வெளியானது. பீபர் உள்ளே வந்தது ஏப்ரல் நடுவில், பாட்டு வெளியாகி மூன்று மாதம் கழித்து.

எரிக்கா எண்டரின் பெயர் பெரும்பாலும் விடுபட்டுப் போகும். இரண்டு ஆண்கள் ஒரு பெண்ணை நோக்கிப் பாடும் பாட்டின் வரிகளில் ஒரு பெண்ணின் கையும் இருக்கிறது. அது தெரிந்தபின் கேட்டால் வார்த்தைகள் கொஞ்சம் வேறு மாதிரி விழும்.

பெயருக்கு என்ன அர்த்தம்?

‘மெதுவாக’ என்பதற்கு ஸ்பானிஷில் ‘தெஸ்பாசியோ’ என்பார்கள். அதோடு ‘இத்தோ’ என்ற விகுதியைச் சேர்த்தால் சொல் சின்னதாகிச் செல்லம் கூடிவிடும். வீட்டையும் நாயையும் பாட்டியையும்கூட இப்படிக் குறுக்கிக் கொஞ்சுவது அவர்கள் வழக்கம். நாம் இதே காரியத்தை வேறு வழியில் செய்வோம். சொல்லைக் குறுக்காமல் இரட்டிப்போம். ‘மெல்ல’ என்றால் வெறும் வேகம்; ‘மெல்ல மெல்ல’ என்றால் அதில் கொஞ்சம் ஆசையும் சேர்ந்துவிடும். ‘டெஸ்பாசிட்டோ’ என்பது ஏறக்குறைய நம்முடைய ‘மெல்ல மெல்ல’தான்.

சரியாக எப்படி உச்சரிப்பது?

இதில் தமிழர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஸ்பானிஷின் ‘த’ ஒலியில் நாக்கு பல்லைத் தொடும், நம்முடைய ‘த’ போலவே. ஆங்கிலம் வழியாக வந்ததால்தான் நாம் ‘டெஸ்பாசிட்டோ’ என்று எழுதிப் பழகிவிட்டோம். ‘தெஸ்பசீத்தோ’ என்று ‘சீ’யில் அழுத்தம் கொடுத்துச் சொல்லிப் பாருங்கள், புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகரான சான் ஹுவான் தெருவில் நிற்பவருக்குச் சட்டென்று புரியும். தேடுபவர்கள் வசதிக்காக இங்கே பழகிப்போன எழுத்தையே வைத்திருக்கிறேன்.

வரிகள் என்னதான் சொல்கின்றன? ஆபாசமா?

மோக வரிகள்தான், அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஒருத்தியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், ஆடக் கூப்பிடுகிறான், அவள் காந்தம், தான் உலோகம் என்கிறான், கழுத்தருகே மூச்சு விட வேண்டும், காதில் ஏதாவது சொல்ல வேண்டும் என்கிறான், அதற்குமேலும் போகிறான். ஆனால் எல்லாவற்றையும் அவசரமில்லாமல், அவளுக்குப் பிடித்த வேகத்தில். பாட்டின் முழு ஆசையும் அந்த அவசரமின்மையில்தான் இருக்கிறது. கொச்சையான சொல் ஒன்றைக்கூடத் தேடிப் பிடிக்க முடியாது. இந்தப் பாட்டின் தாளம் சேர்ந்த ரெகேட்டோன் என்ற இசை வகையில் பெண்ணைப் பற்றி எழுதப்படும் மற்ற பல வரிகளைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு அடக்கம் என்று தெரியும்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. புவேர்ட்டோ ரிக்கோவின் ஒரு கடற்கரையில், அலைகளே ‘ஆய் பெந்தீத்தோ!’ என்று கத்தும்வரை என்று ஒரு வரி வரும். அந்தத் தீவுக்காரர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்லும் சொல் அது. குழந்தை கீழே விழுந்தாலும் அதேதான், பொறுக்க முடியாத சந்தோஷம் வந்தாலும் அதேதான். நம்மூர்ப் பாட்டிகளின் ‘அடி ஆத்தே!’ இருக்கிறதே, அந்த மாதிரி. ஸ்பெயின்காரர் ஒருவர் எழுதியிருந்தால் அந்தச் சொல் அங்கே வந்திருக்காது. உலகமே பாடிய பாட்டுக்குள் ஊர்ப்பேச்சு ஒன்று பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

பாட்டு எப்படிப் பிறந்தது?

ஃபோன்சி பேட்டிகளில் சொன்ன கதை இது. 2015 கடைசியில் ஒரு நாள் காலையில், மயாமி வீட்டில் தூங்கி எழும்போதே அந்தச் சொல்லும் அதன் மெட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தன. எரிக்கா எண்டர் வீட்டுக்கு வந்ததும் இருவரும் உட்கார்ந்து கிதாரை வைத்து எழுதினார்கள். அப்போது அது மென்மையான பாப் பாட்டுதான். ஃபோன்சி அதுவரை அறியப்பட்டதே உருகி உருகிப் பாடும் காதல் பாட்டுகளுக்காகத்தான். பிறகுதான் இதற்குக் கொஞ்சம் தெருத்தாளம் வேண்டும் என்று பட்டு, டாடி யாங்கியைக் கூப்பிட்டார். யாங்கி தன் பகுதியை எழுதியதோடு, பல்லவிக்குப் பின்னால் வரும் அந்த அடிமேல் அடி வைக்கும் கொக்கியையும், அதாவது காதில் மாட்டிக்கொண்டு விடாத அந்த வரிகளையும், போட்டுக்கொடுத்தார். ஊரே பாடியதில் பாதி அந்தக் கொக்கிதான்.

காலைத் தட்ட வைக்கும் அந்தத் தாளம் என்ன?

அதற்கு ‘தெம்போ’ என்று பெயர். ரெகேட்டோன் இசையின் முதுகெலும்பு. ஜதி தெரிந்தவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு. மொத்தம் எட்டு. அடியில் பெரிய டிரம் சீராக நாலு நாலாக ‘டும் டும்’ என்று போய்க்கொண்டிருக்கும். அதற்குமேல் சின்ன டிரம் இரண்டாவது ‘தகிட’வின் தொடக்கத்திலும் ‘தக’வின் தொடக்கத்திலும் விழும். ஒன்று நேராக நடக்கிறது, மற்றது இடறி இடறி வருகிறது. அந்த இடறலில்தான் இடுப்பு அசைகிறது. ஒரு கையால் தொடையில் நேராகத் தட்டிக்கொண்டு வாயால் ‘தகிட தகிட தக’ சொல்லிப் பாருங்கள், புரிந்துவிடும்.

இந்தத் தாளம் வந்த வழியும் நீளமானது. பனாமா கால்வாய் வெட்டப் போன கரீபியத் தீவுத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள், ஜமைக்காவின் ரெகே இசைக்கு ஸ்பானிஷில் வரி எழுதிப் பாட ஆரம்பித்தார்கள். 1990 வாக்கில் ஜமைக்காவின் ஷாபா ரேங்க்ஸ் பாடிய ‘டெம் போ’ என்ற பாட்டின் தாளம் கைமாறிக் கைமாறி, அந்தப் பெயரோடேயே புவேர்ட்டோ ரிக்கோவுக்கு வந்து சேர்ந்தது. அங்கே அது ஏழைக் குடியிருப்புப் பையன்களின் இசை. கேசட்டில் பதிந்து கைக்குக் கை கொடுத்துக் கேட்டார்கள். 1995-இல் போலீஸ் கடைகளில் புகுந்து அந்தக் கேசட்டுகளைப் பறிமுதல் செய்தது. ஆபாசம் என்பதுதான் அப்போதும் குற்றச்சாட்டு. அந்தப் பையன்களில் ஒருவர்தான் டாடி யாங்கி. பேஸ்பால் ஆட்டக்காரராக வேண்டும் என்ற கனவு, காலில் பாய்ந்த துப்பாக்கிக் குண்டோடு முடிந்துபோய்ப் பாட்டுக்குள் வந்தவர். 2004-இல் ‘கசோலினா’ மூலம் ரெகேட்டோனைத் தீவுக்கு வெளியே கொண்டுபோனவரும் அவரே.

ஆக, 2017-இல் உலகம் திடீரென்று கண்டுபிடித்த இந்தத் தாளத்துக்கு அப்போதே கால் நூற்றாண்டு வயது.

ஆரம்பத்தில் வரும் கம்பி வாத்தியம் கிதாரா?

அது குவாத்ரோ. புவேர்ட்டோ ரிக்கோவின் நாட்டுப்புற வாத்தியம். ‘குவாத்ரோ’ என்றால் நாலு. பழைய காலத்தில் நாலு கம்பி இருந்ததால் வந்த பெயர் அப்படியே நின்றுவிட்டது, இன்றைக்கு இருப்பது பத்து: இரண்டிரண்டாக ஐந்து ஜோடி. ஜோடிக் கம்பி ஒன்றாக மீட்டப்படுவதால் கிதாரைவிடக் கணீரென்று, சற்றே உலோக வாசனையோடு கேட்கும். வாசித்தவர் கிறிஸ்டியன் நியெவேஸ். மலைக்கிராமத்துத் திருவிழாவில் கேட்கும் வாத்தியத்தை ரெகேட்டோன் தாளத்தின் தலையில் வைத்ததுதான் இந்தப் பாட்டின் அழகு. நாதஸ்வரத்தைக் கானாவோடு சேர்ப்பது மாதிரி என்று சொன்னால் நமக்குப் புரியும்.

பல்லவி வரும் இடத்தில் ஏதோ நடக்கிறதே, அது என்ன?

நல்ல காது உங்களுக்கு. வழக்கமான பாப் பாட்டில் பல்லவி நெருங்க நெருங்க வேகமும் சத்தமும் ஏறும். இங்கே தாளம் சட்டென்று விலகிக்கொள்கிறது. ஃபோன்சி அந்தச் சொல்லைத் துண்டு துண்டாக, இழுத்து இழுத்துப் பாடுகிறார். ‘மெதுவாக’ என்ற சொல் வரும் இடத்தில் பாட்டே மெதுவாகிறது. அடுத்த நொடி தாளம் மொத்தமாகத் திரும்பி வந்து விழுகிறது. மொழி தெரியாதவனுக்கும் அர்த்தம் போய்ச்சேர்வது அந்த ஒரு நொடியில்தான். என்னைக் கேட்டால் இந்த வெற்றியின் பாதிக் காரணம் அங்கே இருக்கிறது என்பேன். மற்றபடி சுருதியமைப்பு பெரிய புதுமை ஒன்றும் கிடையாது. பி மைனரில் நாலு கார்டு திரும்பத் திரும்பச் சுற்றுகிறது, ஆயிரம் பாட்டில் கேட்ட சுற்றுதான்.

ஜஸ்டின் பீபர் வராவிட்டால் இது ஓடியிருக்குமா?

ஓடிக்கொண்டுதான் இருந்தது. எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

பாட்டு வெளியான ஒரு மாதத்துக்குள், அமெரிக்க இசை இதழான பில்போர்டின் லத்தீன் பட்டியலில் முதலிடம். லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் ஸ்பெயினிலும் அதுதான் எங்கும் ஒலித்தது. அதன் வீடியோ யூடியூபில் 100 கோடிப் பார்வையைத் தொட்டது 2017 ஏப்ரல் 20-ஆம் தேதி. பீபரின் ரீமிக்ஸ் வெளியாகி அப்போது மூன்று நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதாவது அந்த நூறு கோடி கிட்டத்தட்ட முழுவதும் பீபருக்கு முந்தைய கணக்கு. இன்னொன்றையும் கவனியுங்கள்: எல்லாச் சாதனையையும் முறியடித்த அந்த வீடியோவில் பீபர் கிடையவே கிடையாது. குரல்கூட இல்லை. அது முதல் வடிவம்.

பீபர் செய்தது வேறு, அதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். கச்சேரிக்காகக் கொலம்பியா போனவர், ஒரு இரவு விடுதியில் இந்தப் பாட்டு ஒலித்ததும் கூட்டம் துள்ளுவதைப் பார்த்தார். உடனே ஆள் அனுப்பித் தானும் பாட வேண்டும் என்று கேட்டு, அங்கேயே போகோட்டாவில் பதிவு செய்தார். உச்சரிப்பு சொல்லிக்கொடுக்க ஹுவான் ஃபெலிப்பே சாம்பெர் என்ற கொலம்பியப் பாடகர் பக்கத்தில் இருந்தார். தொடக்க வரிகளை ஆங்கிலத்தில் பாடிய பீபர், பல்லவியை ஸ்பானிஷிலேயே பாடினார். அவர் இருந்த உயரத்தில் ஒரு நட்சத்திரம் வேற்றுமொழியில் பாட முன்வந்தது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை.

அமெரிக்க வானொலிக்காரர்கள் ஸ்பானிஷ் பாட்டைப் பொது அலைவரிசையில் போடத் தயங்குவார்கள். பீபர் குரல் வந்ததும் அந்தத் தயக்கம் போனது. அதுவரை பில்போர்டின் பொதுப்பட்டியலான ஹாட் 100-இன் 40-களில் தத்தளித்த பாட்டு ஒரே தாவலில் முதல் பத்துக்குள் வந்தது. மே 27 தேதியிட்ட பட்டியலில் முதலிடம். அமெரிக்கப் பொதுப்பட்டியலின் கதவைத் திறந்த சாவி பீபர்தான். ஆனால் கதவுக்கு வெளியே அப்போதே பெருங்கூட்டம் நின்றுகொண்டிருந்தது.

இதில் ஒரு கூத்தும் உண்டு. அந்த மே மாதத்திலேயே நியூயார்க் விடுதி ஒன்றில் பாடச் சொன்னபோது பீபருக்கு ஸ்பானிஷ் வரிகள் மறந்துபோய், ‘புரிட்டோ, டொரிட்டோ’ என்று தின்பண்டப் பெயர்களைப் போட்டு நிரப்பினார். அந்தக் காணொளி பரவி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மண்டபத்தில் முணுமுணுத்துச் சமாளித்த நாம் அவரைத் திட்ட முடியுமா என்பது வேறு விஷயம்.

ஹாட் 100-இல் 16 வாரம் முதலிடம் என்பது அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம். 1995-96-இல் மரையா கேரியும் பாய்ஸ் டு மென் குழுவும் பாடிய ‘ஒன் ஸ்வீட் டே’ 16 வாரம் நின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த எண்ணை யாரும் தொடவில்லை. தொட்டது இந்தப் பாட்டு. 17-ஆவது வாரத்தை எட்டித் தனிச்சாதனை ஆகும் என்று எல்லாரும் காத்திருந்தபோது டெய்லர் ஸ்விஃப்டின் புதுப்பாட்டு வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டையும் 2019-இல் லில் நாஸ் எக்ஸின் ‘ஓல்டு டவுன் ரோடு’ 19 வாரத்தோடு தாண்டிவிட்டது.

மொழிக் கணக்கில் பார்த்தால் இன்னும் அரிது. பெரும்பகுதி ஸ்பானிஷில் உள்ள பாட்டு ஹாட் 100-இல் முதலிடம் பிடித்தது அதற்குமுன் இரண்டே தடவை: 1987-இல் லாஸ் லோபோஸ் பாடிய ‘லா பாம்பா’, 1996-இல் ‘மக்கரேனா’. பிறகு 21 ஆண்டு ஒன்றுமே இல்லை.

இதை ‘வெளிநாட்டுப் பாட்டு அமெரிக்காவை வென்றது’ என்று எழுதியவர்கள் அப்போது நிறைய. எனக்கு அந்த வாக்கியம் உறுத்தும். புவேர்ட்டோ ரிக்கோ 1898-இலிருந்து அமெரிக்காவின் கையில் இருக்கிறது. அங்கே பிறப்பவர்கள் 1917-இலிருந்து அமெரிக்கக் குடிமக்கள், தீவில் வசிக்கும்வரை அதிபர் தேர்தலில் ஓட்டு மட்டும் கிடையாது. ஃபோன்சி சின்ன வயதிலேயே ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்து அங்கேயே படித்து வளர்ந்தவர். அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுபவர்கள் 4 கோடிக்கும் மேல். இதில் வெளிநாட்டுக்காரர் என்றால் கனடாவில் பிறந்த பீபரைத்தான் சொல்ல வேண்டும்.

லத்தீன் பட்டியலில் 56 வாரம் என்கிறார்களே?

அது இன்னொரு பட்டியல்: பில்போர்டின் ஹாட் லத்தீன் சாங்ஸ். மொத்தம் 56 வாரம் முதலிடம். அதற்குமுன் என்ரிக்கே இக்லேசியாஸின் ‘பைலாண்டோ’ 41 வாரம், அதற்கும் முன் ஷகீராவும் அலெஹாண்ட்ரோ சான்சும் பாடிய ‘லா டோர்த்தூரா’ 25 வாரம். எண் ஏன் இப்படி ஏறிக்கொண்டே போகிறது? பாட்டுகள் திடீரென்று சிறந்துவிடவில்லை. 2012-இல் கணக்கு முறை மாறியது. அதற்குமுன் ஸ்பானிஷ் வானொலிகளில் எத்தனை முறை போட்டார்கள் என்பதை மட்டும் எண்ணினார்கள். பிறகு எல்லா வகை வானொலியும், டிஜிட்டல் விற்பனையும், ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்தன. அதனால் ஆங்கிலம் கேட்பவர்களையும் இழுக்கிற பாட்டு பட்டியலை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறது. பழைய முறையில் 25 வாரம் நின்ற ஷகீரா பாட்டை இதற்கு இணையாக வைத்தாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

யூடியூப் சாதனை இன்னும் இருக்கிறதா?

இல்லை. 2017 ஆகஸ்ட் 4-ஆம் தேதி யூடியூபில் மிக அதிகம் பார்க்கப்பட்ட வீடியோ ஆனது. 300 கோடியை முதலில் தொட்டதும் அதே நாள்தான். 2018 ஏப்ரலில் 500 கோடியைத் தாண்டிய சில நாளில் யாரோ கணக்குக்குள் புகுந்து முகப்புப் படத்தை மாற்றித் துப்பாக்கி ஏந்திய முகமூடிக்காரர்களை வைத்துவிட்டார்கள். வீடியோவும் சில மணி நேரம் காணாமல் போய்த் திரும்பி வந்தது. முதலிடம் 2020 நவம்பர் 2 வரை நீடித்தது. அன்று அதை முந்தியது குழந்தைகளின் ‘பேபி ஷார்க்’. இரண்டு வயதுக் குழந்தையிடம் போனைக் கொடுத்துச் சோறு ஊட்டிய யாருக்கும் இந்தத் தோல்வியின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்துப் பார்த்தால், 2017 ஜூலையில் எல்லாத் தளங்களிலும் மொத்தம் 460 கோடி முறை கேட்கப்பட்டுவிட்டதாக யுனிவர்சல் நிறுவனம் அறிவித்தது. அந்த எண்ணோடு அது முறியடித்தது யாரை? பீபரின் ‘சாரி’யை.

வீடியோ எங்கே எடுத்தது? அதில் வரும் பெண் யார்?

கடல், கல்சுவர், வண்ணவண்ண வீடுகள் எல்லாம் லா பெர்லா. சான் ஹுவான் பழைய நகரத்தின் கோட்டைச் சுவருக்கு வெளியே, சுவருக்கும் அட்லாண்டிக்குக்கும் நடுவே சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் குடியிருப்பு. ஒரு காலத்தில் ஆட்டிறைச்சி மாட்டிறைச்சிக் கொட்டில் இருந்த இடம், பக்கத்தில் கல்லறைத் தோட்டம். நகரத்துக்குள் வைத்துக்கொள்ள விரும்பாததையெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள், ஏழைகள் உட்பட. போதைப்பொருள் ஏரியா என்று பேர் கெட்டு, சுற்றுலாப் பயணிகளை ‘அங்கே இறங்காதே’ என்று எச்சரிப்பார்கள். இந்த வீடியோவுக்குப் பிறகு அதே பயணிகள் கேமராவோடு இறங்க ஆரம்பித்தார்கள். ஆட்டம் நடக்கும் உள்ளறை, அதே பழைய நகரத்தில் உள்ள லா ஃபக்டோரியா என்ற பார். இயக்கியவர் கார்லோஸ் பெரெஸ்.

அந்தப் பெண் சுலெய்க்கா ரிவேரா, 2006-இன் மிஸ் யுனிவர்ஸ். அவரும் அந்தத் தீவுக்காரர்தான்.

வீடியோ உச்சத்தில் இருந்த அதே ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி மரியா புயல் தீவைத் தாக்கியது. மின்சாரம் மாதக்கணக்கில் வரவில்லை. உலகமே திரையில் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சரிவில் கூரைகள் பறந்துபோயிருந்தன.

மலேசியாவில் தடை செய்தார்களாமே, உண்மையா?

உண்மை, ஆனால் அரைத் தடை. 2017 ஜூலையில், வரிகள் ஆபாசம் என்று புகார் வந்ததும் அரசு ஒலிபரப்பான ஆர்டிஎம் தன் வானொலி, தொலைக்காட்சிகளில் பாட்டை நிறுத்தியது. தனியார் நிலையங்களுக்கு அது பொருந்தவில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். மலேசியத் தமிழர்கள் கேட்கும் மின்னல் எஃப்எம்மும் ஆர்டிஎம் குடும்பம்தான். யூடியூபில் தாராளமாகக் கிடைக்கும் பாட்டை வானொலியில் தடுத்து என்ன ஆகப்போகிறது? மாதக்கணக்கில் அர்த்தம் தெரியாமல் ஆடியவர்கள், தடைச் செய்தியைப் படித்த பிறகுதான் மொழிபெயர்ப்பைத் தேடியிருப்பார்கள்.

வெனிசுவேலா விவகாரம் என்ன?

அதே ஜூலையில் வெனிசுவேலா அதிபர் நிக்கோலாஸ் மதூரோ, எதிர்க்கட்சிகள் கடுமையாக எதிர்த்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தலுக்கு ஆதரவு திரட்ட, இதே மெட்டில் வேறு வரிகளைப் போட்டுத் தொலைக்காட்சியில் ஒலிக்கவிட்டார். தெருவில் போராட்டம், சாவு என்று நாடு கொதித்துக்கொண்டிருந்த நேரம். என்னிடம் யாரும் கேட்கவில்லை, இதற்கு நான் சம்மதிக்கவும் இல்லை என்று ஃபோன்சி அறிவித்தார். டாடி யாங்கியும் எரிக்கா எண்டரும் கண்டித்தார்கள். தேர்தல் நேரத்தில் சினிமா மெட்டைக் கட்சிப் பாட்டாக மாற்றிக் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதில்லை. இங்கே மெட்டுக்காரர்கள் அவ்வளவு சத்தமாக மறுப்பதுதான் அபூர்வம்.

விருது கிடைத்ததா?

2017 நவம்பரில் லத்தீன் கிராமி நான்கு. 2018-இல் பெரிய கிராமியில் மூன்று பிரிவில் பரிந்துரை, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முக்கியமான இரண்டையும் புரூனோ மார்ஸ் எடுத்துக்கொண்டார். பிறகு அமெரிக்காவில் டைமண்ட் சான்றிதழ் பெற்ற முதல் லத்தீன் பாட்டும் ஆனது. டைமண்ட் என்றால் விற்பனையும் ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்து ஒரு கோடி அலகு.

ஃபோன்சி ஒரே பாட்டோடு முடிந்துபோனவரா?

நமக்கு வேண்டுமானால் அப்படித் தோன்றலாம். அவருடைய முதல் ஆல்பம் வந்தது 1998-இல். 2008-இல் ‘நோ மே தோய் போர் வென்சிதோ’ லத்தீன் பட்டியலில் மாதக்கணக்கில் நின்ற பாட்டு. அதன் தலைப்புக்கு ‘நான் தோற்றதாக ஒப்புக்கொள்ள மாட்டேன்’ என்று அர்த்தம். டெஸ்பாசிட்டோ வரும்போது அவருக்கு வயது 38. பாட ஆரம்பித்துக் கிட்டத்தட்ட இருபது ஆண்டு. அதே ஆண்டு நவம்பரில் டெமி லொவாட்டோவோடு பாடிய ‘எச்சாமே லா குல்பா’வும் பெரிதாக ஓடியது. டாடி யாங்கியோ, 2023 டிசம்பரில் சொந்தத் தீவிலேயே கடைசிக் கச்சேரிகளை நடத்தி மேடையை விட்டு இறங்கினார்.

இதற்குப் பிறகு ஸ்பானிஷ் பாட்டுகள் நிலை மாறியதா?

மாறியது. அதே ஆண்டிலேயே ஜே பால்வினின் ‘மி ஹெந்தே’ பியான்சே சேர்ந்த பிறகு ஹாட் 100-இல் மூன்றாமிடம் வந்தது. 2018-இல் கார்டி பி, பேட் பன்னி, ஜே பால்வின் மூவரும் ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்து பாடியது முதலிடம் பிடித்தது. 2020 டிசம்பரில் பேட் பன்னியின் ஆல்பம், முழுக்க ஸ்பானிஷில் இருந்தபடியே பில்போர்டின் ஆல்பம் பட்டியலில் முதலிடம் போனது. அப்படிப் போன முதல் ஆல்பம் அதுதான். அவரும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர். ஆங்கில வரி சேர்த்துக்கொள்ள அவருக்கு எந்த பீபரும் தேவைப்படவில்லை.

நிறைய வடிவங்கள் இருக்கின்றனவே, எதைக் கேட்பது?

முதல் வடிவத்தை. விக்டர் மனுவேல் சேர்ந்து பாடிய சல்சா வடிவம் ஆடுவதற்கு நன்றாக இருக்கும். டாடி யாங்கி இல்லாத பாப் வடிவமும் உண்டு. அதைக் கேட்டால் யாங்கி ஏன் தேவைப்பட்டார் என்று புரியும். சிங்கப்பூர்ப் பாடகர் ஜேஜே லின்னின் சீன மொழி வடிவத்தை ஆர்வத்துக்கு ஒரு தடவை கேட்கலாம். பீபர் வடிவத்தில் எனக்கு உள்ள ஒரே குறை, தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்தில் நுழைந்துவிடுவது. ஃபோன்சி எட்ட நின்று பார்த்துப் பார்த்து நெருங்கும் அந்த முதல் நிமிடம் அதில் போய்விடுகிறது.

ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். குவாத்ரோ முதலில் வரும். தாளம் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். பல்லவியெல்லாம் ஓடி முடிந்து பாட்டு கடற்கரைக்குப் போகும்போது காதைத் தீட்டிக்கொண்டால், அந்த ‘ஆய் பெந்தீத்தோ’ பிடிபடும்.